பெரிய பெட்டியை முன்னுக்கு அனுப்புவதா, கோச்சியில் (ரயிலில்) இழுத்துக்கொண்டு போவதா?

கல்லடியான்:
எல்லாருக்கும் வணக்கம். மகன் ஜப்பானில், ஒசாகாவில் படிக்கிறான். நானும் மனிசியும் அடுத்த மாதம் அவனைப் பார்க்கப் போகிறோம். நரிட்டா விமான நிலையத்தில் இறங்கி டோக்கியோவில் கொஞ்ச நாள், பிறகு கியோத்தோ, ஹிரோஷிமா பார்த்துவிட்டு ஒசாகாவுக்குப் போய் அவனோடு நிற்பதுதான் திட்டம். ஊருக்கு ஊர் ஷின்கன்சென் என்கிற அதிவேகக் கோச்சியில்.

ஆளுக்கு ஒரு பெரிய சூட்கேஸ், ஒவ்வொன்றும் 23 கிலோ. அது போக ஆளுக்கு ஒரு கைப்பெட்டி. மனிசிக்கு முழங்கால் வருத்தம். படி கூட ஏறினால் அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்க மாட்டா.

மகன் சொல்கிறான், பெட்டியை ஒரு கொம்பனியிடம் கொடுத்தால் அடுத்த ஊர் ஹோட்டலில் கொண்டுபோய் வைப்பார்களாம், நாங்கள் கைவீசிக்கொண்டு போகலாமாம். நான் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பார்சல் ஒன்று கை மாறிக் கை மாறி என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மனம் ஒப்பவில்லை. அனுப்பிப் பார்த்தவர்களும் இழுத்துக்கொண்டு போனவர்களும் சொல்லுங்கள்.

சம்மாந்துறையான்:
ஐயா, நான் நாகோயாப் பக்கம் வேலை செய்கிறேன். மகன் சொன்னது சரி. இங்கே அதற்குப் பெயர் தக்யூபின். பெரிய கொம்பனி யமாத்தோ. கறுப்புப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற படம் லொறியில் இருக்கும். 1976இல் தொடங்கினார்கள், முதல் நாள் வந்தது 11 பார்சல்தானாம். இப்போது இந்த நாட்டில் வீடு மாறுகிறவன், ஸ்கீ விளையாடப் போகிறவன், கோல்ஃப் மட்டை கொண்டு போகிறவன் எல்லாரும் அதில்தான் அனுப்புகிறார்கள்.

ஹோட்டல் ரிசப்சனில் கேட்டால் ஒரு படிவம் தருவார்கள். போய்ச் சேர வேண்டிய ஹோட்டலின் பெயர், விலாசம், தொலைபேசி, உங்கள் பெயர், எந்தத் திகதி அங்கே தங்க வருகிறீர்கள் என்பது எல்லாம் எழுத வேண்டும். பிறகு அளவு நாடாவைப் போட்டு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டுவார்கள். சில்லும் கைபிடியும் சேர்த்துத்தான் அளப்பு. 160 சென்டிமீட்டர், 25 கிலோ என்பது ஒரு படி. அதற்கு மேலும் 200 சென்டிமீட்டர், 30 கிலோ வரை எடுப்பார்கள், காசு கூடும். டோக்கியோவில் இருந்து கியோத்தோவுக்கு உங்கள் அளவுப் பெட்டி ஒன்றுக்கு மூவாயிரம் யென் பக்கம் வரும். இன்று கொடுத்தால் பெரும்பாலும் நாளைக்கு அங்கே. ஹொக்கைடோ, கியூஷு மாதிரித் தூர இடமென்றால் இன்னும் ஒரு நாள்.

காசு, பாஸ்போர்ட், நகை, மருந்து எதையும் அதில் வைக்காதீர்கள். தொலைந்தால் ஒரு பெட்டிக்கு 3 லட்சம் யென் வரைதான் பொறுப்பெடுப்பார்கள்.

கல்லடியான்:
நன்றி தம்பி. மூவாயிரம் யென் என்றால் நம் இலங்கைக் காசுக்கு ஆறாயிரம் ரூபாய் பக்கம். இரண்டு பெட்டி, மூன்று ஊர். கூட்டிப் பார்த்தேன், மனிசியிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்படியே கோச்சியில் ஏற்றினால் என்ன? பெரிய பெட்டிக்குத் தடை என்று ஒருவர் சொன்னார்.

சம்மாந்துறையான்:
தடை இல்லை ஐயா. 2020 மே மாதத்தில் இருந்து டொக்கைடோ, சன்யோ, கியூஷு ஷின்கன்சென் வழிகளில் ஒரு விதி. மூன்று அளவும் கூட்டி 160ஐத் தாண்டி 250 வரை இருக்கும் பெட்டிக்கு, பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த சீட்டை முன்கூட்டியே பதிய வேண்டும். கூடுதல் காசு இல்லை. பதியாமல் கொண்டு வந்தால் ஆயிரம் யென் அறவிடுவார்கள். விமானக் கொம்பனிகள் அனுமதிக்கிற அளவு பொதுவாக 158. அதனால் பிளேனில் ஒழுங்காகப் போன பெட்டி இந்த விதிக்குள் மாட்டாது. தலைக்கு மேல் தட்டில் வைக்கலாம் என்பார்கள்.

ஆனால் அந்தத் தட்டில் 23 கிலோவைத் தூக்கி வைப்பது யார்?

பொத்துவில் அலை:
இது ஒரு பிரச்சினையா அங்கிள்? அறுகம்பைக்கு வாற வெள்ளைக்காரரைப் பாருங்கள். முதுகில் ஒரு பை, கக்கத்தில் சர்ஃப் பலகை, அவ்வளவுதான், மாதக்கணக்கில் நிற்கிறார்கள். சூட்கேஸைக் கழித்துவிட்டு ஒரு பேக்பேக் வாங்குங்கள். உடுப்பைத் தோய்த்துத் தோய்த்துப் போடலாம். பெட்டியும் இல்லை, அனுப்பவும் தேவையில்லை.

கல்லடியான்:
//முதுகில் ஒரு பை//
தம்பிக்கு வயது என்ன?

பொத்துவில் அலை:
சரி சரி, விட்டுட்டேன்.

கிரான்குளத்தான்:
நான் அனுப்புகிறதுக்கு எதிர்ப்பு. ஐரோப்பாவில் ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்கு கொறியரில் பெட்டி அனுப்பினோம். எந்தக் கொம்பனி, எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. ஹோட்டலைப் பதிந்தது மச்சானின் பெயரில், பெட்டியில் ஒட்டியிருந்தது என் பெயர். இந்தப் பெயரில் ஆள் யாரும் தங்கவில்லை என்று ரிசப்சனில் நின்றவர் திருப்பி அனுப்பிவிட்டார். கொறியர்காரன் போன் எடுக்கவும் இல்லை. நாங்கள் போய்ச் சேரும்போது பெட்டி நகரத்துக்கு வெளியே ஏதோ டிப்போவில். சனிக்கிழமை மத்தியானம். திங்கள் வரைக்கும் திறக்க மாட்டார்களாம். டிசம்பர் குளிரில் என் ஜக்கெட் அந்த டிப்போவில், நான் மச்சானின் கிழிஞ்ச ஜம்பரில்.

பெட்டி கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். கைவலி இரண்டு நாளில் போகும்.

சம்மாந்துறையான்:
//பதிந்தது மச்சானின் பெயரில்//
அண்ணே, இங்கேயும் அதில் கவனம் வேண்டும்தான். படிவத்தில் ஹோட்டல் பதிவு எந்தப் பெயரில் இருக்கிறதோ அதே பெயரை, பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்திலேயே எழுத வேண்டும். எங்கள் பெயர்களை ஒவ்வொருவன் ஒவ்வொரு விதமாக எழுதுவான். சின்ன ஹோட்டல், வீட்டு அறை வாடகைக்கு விடுகிற இடங்களில் ரிசப்சனே இருக்காது, அங்கே அனுப்பக் கூடாது. அனுப்ப முதல் ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

காரைதீவு டீச்சர்:
இந்த வசதி உள்ள நாட்டைப் பற்றியே கதைக்கிறீர்கள். நம் ஆட்கள் கூடப் போவது இந்தியாவுக்கு. அம்மாவை வைத்தியத்துக்கு வேலூருக்குக் கூட்டிப் போனோம், சென்னையில் இறங்கி காட்பாடிக்கு ரயில். அங்கே ரயில்வே ஒவ்வொரு வகுப்புக்கும் இலவச எடை வைத்திருக்கிறது. ஏசி முதல் வகுப்பு 70 கிலோ, ஏசி இரண்டடுக்கு 50, ஏசி மூன்றடுக்கும் ஸ்லீப்பரும் 40, இரண்டாம் வகுப்பு 35. கூட இருந்தால் புறப்பட அரை மணித்தியாலத்துக்கு முன் லக்கேஜ் ஆபீசில் பதிந்து பிரேக் வேனில் போட வேண்டும். ஆனால் அது அனுப்புவது ஆகாது, நீங்கள் போகிற அதே ரயிலில் வேறு பெட்டியில் வருகிறது, அவ்வளவுதான். இறங்கிய பிறகு ஓடிப்போய் எடுக்க வேண்டும்.

அங்கே எனக்குப் பெட்டியை விடப் பூட்டுத்தான் முக்கியமாகப் பட்டது. கீழ் பெர்த்துக்கு அடியில் இரும்பு வளையம் இருக்கும். சங்கிலியைக் கைபிடிக்குள்ளால் விட்டு அதில் பூட்டிவிட்டுப் படுத்தால் நித்திரை வரும். சங்கிலியைப் பிளாட்போமிலேயே விற்பார்கள். அடியில் போகிற உயரத்துக்குப் பெட்டி இருக்க வேண்டும், குண்டுப் பெட்டி என்றால் நடைபாதையில் நின்று எல்லாருடைய ஏச்சையும் வாங்கும்.

தூக்குவதற்குச் சிவப்புச் சட்டை போர்ட்டர் இருக்கிறார்கள். ஏறுவதற்கு முன் விலை பேசிவிட வேண்டும், இறங்கிய பிறகு பேசினால் அது வேறு கணக்கு.

கல்லடியான்:
டீச்சர், ஜப்பானில் போர்ட்டர் இருப்பார்களா?

சம்மாந்துறையான்:
ஸ்டேசனில் அப்படி யாரும் கிடைக்க மாட்டார்கள் ஐயா. நீங்கள்தான் போர்ட்டர். லிப்ட் இருக்கும், ஆனால் நீளமான பிளாட்போமின் ஒரு கோடியில் இருக்கும், நீங்கள் இறங்குவது மற்றக் கோடியில். டோக்கியோ, ஷின்ஜுகு ஸ்டேசன்களில் பின்னேரம் ஆறு மணிக்குப் பெரிய பெட்டியோடு போனால், சனம் உங்களைச் சுற்றிக்கொண்டு ஓடும், ஒருவரும் ஏச மாட்டார்கள், உங்களுக்கே வெட்கமாகப் போகும். ஷின்கன்சென் நடுவில் உள்ள ஸ்டேசன்களில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் இரண்டு பேர் நாலு பெட்டியோடு இறங்க வேண்டும். நம் ஊர் உதயதேவி கோச்சி மாதிரி ஆள் ஏறி முடியும் வரை பார்த்துக்கொண்டு நிற்காது.

சூரிச் களுவாஞ்சிகுடியான்:
நான் இரண்டு பக்கமும் இல்லை. சுவிஸில் ரயில்வேயே பெட்டியை முன்னுக்கு அனுப்புகிற சேவை வைத்திருக்கிறது, ஆனால் ஜப்பான் மாதிரி இன்று கொடுத்தால் நாளைக்கு என்று எதிர்பார்க்கக் கூடாது, ஓரிரு நாள் கணக்கு வைத்துத்தான் கொடுக்க வேண்டும். நாடு சின்னது, சூரிச்சில் இருந்து பேர்னுக்கு ஒரு மணித்தியாலம் கூட இல்லை. அதனால் நம் ஆட்கள் யாரும் அனுப்புகிறதில்லை, இழுத்துக்கொண்டுதான் போகிறார்கள். அங்கேதான் கூத்து. இந்த நாட்டில் ரயில்கள் ஒன்றுக்கொன்று கொழுவி ஓடும், மாறுவதற்கு ஐந்தாறு நிமிடம்தான் தந்திருப்பார்கள். சூரிச் ஸ்டேசனில் 31 முதல் 34, 41 முதல் 44 வரை பிளாட்போம்கள் நிலத்துக்கு அடியில். மேலே இறங்கி அடியில் போய் அடுத்ததைப் பிடிக்க, பெட்டி இல்லாமலே வேகமாக நடக்க வேண்டும்.

போன கோடையில் ஊரில் இருந்து மாமி வந்தா. கயிறு போட்டுக் கட்டின பெட்டி, கயிற்றுக்கு மேல் டேப், டேப்புக்கு மேல் பச்சை மையில் என் பெயர். இறங்க வேண்டிய ஸ்டேசன் வருகிறது, பெட்டி இரண்டு சீட்டுக்கு இடையில் இறுகிவிட்டது. நானும் ஒரு சுவிஸ் பொடியனும் இழுக்கிறோம். கதவு மூடுகிற சத்தம் கேட்டு மாமி கதவுக்கு நடுவில் போய் நின்றுவிட்டா. வீட்டில் வந்து திறந்தால் முழுக்க மிளகாய்த்தூள், அரிசிமா, கருவாடு, ஒரு அம்மிக்குழவி. குழவியை ஏன் மாமி என்று கேட்டால், இங்கே நல்ல குழவி கிடைக்காதாமே என்கிறா.

கல்லடி அண்ணே, கேட்கிறேன் என்று குறை நினைக்காதீர்கள். உங்கள் பெரிய பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது?

கல்லடியான்:
😀 மகனுக்கு மிளகாய்த்தூள், இடியப்ப மா, முந்திரிகை, கூனி இறால், பால்மா, இரண்டு சாரம். மனிசி நேற்றுத்தான் பாரைக் கருவாடு சொல்லி வைத்தா. எங்கள் உடுப்பு ஒரு பெட்டியில் கால்வாசி.

சூரிச் களுவாஞ்சிகுடியான்:
அப்போ கேள்வியே மாறிவிட்டதே. உங்கள் பெட்டி கியோத்தோவைப் பார்க்க வேண்டியதில்லை. ஹிரோஷிமாவைப் பார்க்க வேண்டியதும் இல்லை. ஒசாகாவில் மகனிடம் போக வேண்டிய சாமானை ஏன் மூன்று ஊர் சுற்றிக் காட்டுகிறீர்கள்?

கிரான்குளத்தான்:
அது ஒரு ஞாயம்.

சம்மாந்துறையான்:
நான் சொல்ல வந்ததை அவர் சொல்லிவிட்டார். ஐயா, நரிட்டாவில் சுங்கம் தாண்டி வெளியே வந்ததும் வருகை மண்டபத்திலேயே தக்யூபின் கவுண்டர்கள் இருக்கும். இரண்டு பெரிய பெட்டியையும் அங்கேயே மகனின் ஒசாகா விலாசத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஊருக்கு ஊர் அனுப்பினால் வருகிற செலவில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். கைப்பெட்டிகளில் உங்கள் உடுப்பு. அது தலைக்கு மேல் தட்டில் சுகமாகப் போகும், பதிவும் தேவையில்லை, லிப்ட் தேடவும் தேவையில்லை.

இங்கே வருகிற நம் ஆட்கள் பொதுவாக விடுகிற பிழை, பெட்டியை அடுத்த ஊருக்கு அனுப்புவது. அடுத்த ஊரில் ஒரு இரவுதான் நிற்பீர்கள் என்றால், பெட்டி ஒரு பக்கம் வந்து சேர நீங்கள் மறுபக்கத்தால் வெளிக்கிட்டுவிடுவீர்கள். இரண்டு இரவுக்குக் குறைவாக நிற்கிற ஊருக்கு நான் ஒருபோதும் அனுப்ப மாட்டேன். அதையும் தாண்டி, நிதானமாக இருக்கப் போகிற ஊருக்கு அனுப்ப வேண்டும்.

காரைதீவு டீச்சர்:
கருவாட்டை ஒட்டின பொலித்தீனுக்குள் போட்டு, அதைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு, டப்பாவை இன்னொரு பொலித்தீனுக்குள் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் ஸ்கீக்காரனின் பெட்டி இருக்கும். பாவம் அவன்.

சம்மாந்துறையான்:
டீச்சர் சொன்னது சிரிப்புக்கு இல்லை, உண்மை. இன்னும் ஒன்று. மீன் கருவாடு பொதுவாகப் பிரச்சினை இல்லை. இறைச்சி எந்த உருவத்திலும் கொண்டு வராதீர்கள், சொசேஜஸ், இறைச்சி வத்தல் எல்லாம் ஜப்பான் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள், நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு திரியும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். 2018இல் இருந்து பச்சைத் தாவரம் எதற்கும் அனுப்புகிற நாட்டின் நோய்ச்சோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். கருவேப்பிலைக் கட்டுக்கு யார் சான்றிதழ் எடுப்பது.

கல்லடியான்:
மனிசி கறிவேப்பிலை ஒரு கட்டு ஏற்கெனவே ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பரீட்சை பார்க்கிறா, எத்தனை நாள் தாங்கும் என்று. இப்போது போய்ச் சொல்ல வேண்டும்.

கிரான்குளத்தான்:
சரி, பெரிய பெட்டி மகனுக்குப் போகட்டும், அதில் எனக்கும் மறுப்பில்லை. தொலைந்தால் மிளகாய்த்தூள்தானே போகும். ஆனால் உடுப்பு, மருந்து, சார்ஜர் இருக்கிற பெட்டியை யாரிடமும் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். பிரஷர் குளிசை ஒரு நாள் தவறினாலும் சரி வராது. பிறகு அந்த ஹிரோஷிமா. அங்கே மியாஜிமாத் தீவுக்கும் போவீர்கள். கைப்பெட்டியோடு படகில் ஏறுவீர்களா?

சம்மாந்துறையான்:
ஸ்டேசன் லாக்கரில் போடலாம் அண்ணே. சின்னது சில நூறு யென், பெரியது ஆயிரம் யென் பக்கம். கைப்பெட்டிக்கு நடுத்தர லாக்கர் போதும். ஒன்பது, பத்து மணி தாண்டினால் பெரிய லாக்கர் எல்லாம் நிரம்பிவிடும். இல்லாவிட்டால் ஹோட்டலில் கேளுங்கள், அறை கொடுக்க முதலும் அறையை விட்ட பிறகும் பெட்டியை அன்றைக்கு வைத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் காசு எடுப்பதில்லை.

சூரிச் களுவாஞ்சிகுடியான்:
இடையில் ஒன்று. யாராவது பிரான்சுக்குத் தங்கச்சி, அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த இழையைப் படித்தால், அங்கே டிஜிவி ரயிலில் 2024இல் இருந்து ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பைதான். பெட்டி 70, 90, 50 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை தொங்க வேண்டும். மீறினால் 50 யூரோ தண்டம். லண்டனில் இருந்து யூரோஸ்டாரில் வருகிறவர்களுக்கு 85 சென்டிமீட்டர் நீளத்துக்குள் இரண்டு பெட்டி. பாரிஸில் இறங்குகிற கார் து நோர் ஸ்டேசனில் இருந்து லாச்சப்பல் நடக்கிற தூரம், அங்கே மிளகாய்த்தூள் முதல் இடியப்ப உரல் வரை கிடைக்கும். அதனால் மாமிமார் தயவு செய்து குழவி கொண்டு வர வேண்டாம்.

பொத்துவில் அலை:
ஒசாகாவிலும் மிளகாய்த்தூள் கிடைக்குமே?

கல்லடியான்:
கிடைக்கும் தம்பி. ஆனால் அது தாய் வறுத்து இடித்தது இல்லையே. சரி, முடிவுக்கு வந்தாயிற்று. இரண்டு பெரிய பெட்டியும் நரிட்டாவில் இருந்து நேரே மகனுக்கு. நாங்கள் கைப்பெட்டியோடு கோச்சியில். மனிசிக்கும் சொன்னேன், செலவைக் கேட்டா, முழங்காலை நினைத்தா, சரி என்றா. திரும்பும்போது ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தால்தான் வருகிறோம், அங்கே மகன் தூக்குவான்.

கிரான்குளத்தான்:
படிவத்தில் மகனின் பெயர், அறை இலக்கம், அவனுடைய போன் நம்பர் மூன்றும் சரியா என்று இரண்டு தரம் பாருங்கள். அதை மட்டும் செய்யுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை. ரசீதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மாந்துறையான்:
விலாசத்தை மகனிடம் ஜப்பான் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், கவுண்டரில் காட்டினால் அவர்களே எழுதிவிடுவார்கள். நேரமும் கேட்பார்கள். காலை, 2 முதல் 4, 4 முதல் 6, 6 முதல் 8, 7 முதல் 9 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மகன் வகுப்பு முடிந்து வருகிற நேரத்துக்கு 7 முதல் 9 போடுங்கள். ஆள் இல்லாவிட்டால் கதவில் ஒரு துண்டு போட்டுவிட்டுப் போவார்கள், திரும்பக் கூப்பிட்டால் மறுபடி வருவார்கள், அதற்குக் காசில்லை.

கல்லடியான்:
அவன் வகுப்பு முடிந்து கடையில் வேலைக்குப் போகிறவன் தம்பி. வருவது பத்து மணி தாண்டி.

சம்மாந்துறையான்:
அப்படியென்றால் அடுத்த நாளே கொண்டு போகச் சொல்லாமல், அவன் லீவு நாள் திகதியைப் போடுங்கள். ஏழு நாளுக்குள் எந்தத் திகதியும் கேட்கலாம், அதுவரை அவர்களே வைத்திருப்பார்கள். நீங்கள் எந்த நாள் இறங்குகிறீர்கள்?

கல்லடியான்:
வியாழன் காலை. அவனுக்கு ஞாயிறு லீவு.

சம்மாந்துறையான்:
அப்போ ஞாயிறு காலை என்று எழுதுங்கள். மகனுக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள், பெடியன் லீவு நாளில் நித்திரையால் எழும்ப மாட்டான்.